முப்பத்திரண்டு பேருக்குச் சமைத்தவர்

கதிர் அனுப்பிய வீடியோ முழுதாக இருபது நொடிகூட இல்லை. பிரான்சில் அவனுடைய படைமுகாமின் மதிலோரம் ஒரு மரம் நிற்கிறது. இலை என்று ஒன்றுகூட இல்லை, கிளை முழுக்க வெள்ளைப் பூ. "பிரேந்தாம் வந்துடுச்சும்மா" என்று குரல் மட்டும் கேட்கிறது. முகத்தைக் காட்டவில்லை. அந்த வீடியோவை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பூவை நான் பார்க்கவில்லை. அந்த இரண்டு சொல்லுக்குள் குரல் எங்கேயாவது உடைகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிரேந்தாம் என்றால் பிரெஞ்சில் வசந்தம். இங்கே புதுச்சேரியில் அன்றைக்குக் காலை எட்டு மணிக்கே மின்விசிறி அனலைத்தான் தள்ளிக்கொண்டிருந்தது. பக்கத்து மனை வேப்பமரம் பூத்து எங்கள் மாடிப்படியெல்லாம் உதிர்ந்து கிடந்தது. கூட்டித் தள்ளினால் அரை மணியில் மறுபடியும் கிடக்கும். எங்களுக்குத் தெரிந்த வசந்தம் அவ்வளவுதான்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகன் பிரெஞ்சு ராணுவத்தில் இருக்கிறான். போன மாதம் ஒரு பாலைவன நாட்டில், அவன் இருந்த வண்டிக்கு முன்னால் போன வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. அதில் இருந்த இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். கதிருக்கு ஒரு காயமும் இல்லை. இந்தச் செய்தி வந்தபோது நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து தொலைபேசி அடித்தாலே கை ஈரமாக இருப்பதுபோல் தோன்றுகிறது. காய்ந்த கையைப் புடவையில் துடைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

இப்போது அவனுக்கு ஒரு பதக்கம் கொடுக்கப் போகிறார்கள். வியாழக்கிழமை முகாமில் அணிவகுப்பு. அவன் செய்த காரியத்தை எல்லார் முன்னிலும் உரக்கப் படித்துவிட்டு நெஞ்சில் குத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான்.

"அந்தப் பேப்பர எனக்குக் காட்டினாங்கம்மா. முன்னாடி வண்டிகிட்ட மொதல்ல ஓடினது நான்தான்னு எழுதியிருக்கு. நான் ஓடலம்மா. கதவு மேல கைய வெச்சினு அப்படியே உக்காந்துட்டேன். மத்தவங்கதான் ஓடினாங்க."

"அத அவங்ககிட்ட சொன்னியா?"

"எங்க ஆபீசர், கப்பித்தேன்கிட்ட சொன்னேன். எல்லாருக்கும் அப்படித்தான் தோணும், போய்த் தூங்குன்னாரு. எனக்கு வேணான்னு சொல்லிடவாம்மா? நீ என்ன சொல்ற?"

"அப்புறம் பேசறேன்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். பிள்ளை அப்படிக் கேட்கும்போது ஒரு தாய் சொல்கிற பதிலா அது? சொல்வதற்கு ஒன்று இருந்தது. அதைத் தொண்டைக்குக் கீழேயே வைத்துப் பழகிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அதற்குள் லட்டு வாங்கி வந்து, முதலியார்பேட்டையில் நாங்கள் இருக்கும் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டார். "புள்ள மெடல் வாங்கறான், நீ ஏன் எழவு வூடு மாதிரி உக்காந்துனு இருக்க?" என்று என்னிடம் கோபம். அவர் மேல் தப்பில்லை. மெடல் வாங்கியவர்களை அவர் அணிவகுப்பில் பார்த்திருக்கிறார். நான் ஒரே வீட்டில் இருந்து பார்த்திருக்கிறேன்.

பிரேந்தாம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் புழங்கியவர் என் அப்பா. கதிர் பிறப்பதற்குப் பல வருஷம் முன்பே போய்விட்டார். அந்தச் சொல் இவனுக்குப் பிரான்சில்தான் கிடைத்திருக்க வேண்டும். ஆனாலும் அவன் வாயில் அதைக் கேட்டதும், வெண்ணெயில் மாவு சிவக்க வறுபடும் மணம் எனக்கு வந்துவிட்டது.

அப்பா பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்தில் படைக்கு ஆள் எடுத்தபோது, அண்ணனோடு ஏதோ வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் கோபித்துக்கொண்டு போய்ப் பெயர் கொடுத்துவிட்டார். கப்பலேற்றி சைகோனுக்கு அனுப்பினார்கள். வியட்நாமில் எந்த மூலையில் இருந்தாலும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது சைகோன்தான். துப்பாக்கி பிடிக்கலாம் என்று போனவரைச் சமையல் கூடாரத்தில் விட்டார்கள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய நாளில் எங்கே இருந்தீர்கள் என்று ஒரு முறை கேட்டேன். "அண்டா கழுவினு இருந்தேன்" என்றார். ஊர் இந்தியாவோடு சேர்ந்தபோது வெளிநாட்டில் படையில் இருந்ததால் அவர் பிரெஞ்சுக் குடிமகனாகவே நின்றுவிட்டார். ஊரில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த பெரியப்பா இந்தியராகிவிட்டார். பொங்கலுக்கு ஒரே பந்தியில் இரண்டு தேசம் உட்கார்ந்து சாப்பிடும். வாய்க்கால் சண்டை மட்டும் தேசத்தைப் பார்க்காமல் தொடர்ந்தது.

திரும்பி வந்து நெல்லித்தோப்பில் வீடு கட்டி, நாற்பது வயதுக்கு மேல் கல்யாணம் செய்துகொண்டார். தெருவில் அவருக்குப் பெயரே கிடையாது. 'சொல்தா' என்பார்கள், படைவீரர் என்பதற்குப் பிரெஞ்சுச் சொல். கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வெளிர்நீலம், சிவப்புப் பட்டியில் ஒரு சிலுவைப் பதக்கம் தொங்கியது. அம்மா ஒரு தடவை அதைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்து, அதன் நிறமே மாறிப்போயிற்று. அப்பா திட்டவில்லை. ஜூலை மாதம் பிரெஞ்சு தேசிய நாள் அணிவகுப்புக்கு மற்ற சொல்தாக்கள் கோட்டு மாட்டி நெஞ்சு நிறையப் பதக்கம் குத்திக்கொண்டு கடற்கரைக்குப் போவார்கள். அப்பா வெறும் சட்டையோடு போய் ஓரமாக நின்றுவிட்டு வருவார். "மெடல வூட்ல வெச்சினு வெறும் நெஞ்சோட போறாரு பாரு" என்று அம்மா புலம்புவாள். புளியில் தேய்த்ததற்குத்தான் இப்படி வஞ்சம் தீர்க்கிறார் என்று அவளுக்கு ஒரு சந்தேகம்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் அவர் சமையலறையை எடுத்துக்கொள்வார். மார்ச் இருபத்தொன்று, அவர் கணக்கில் பிரேந்தாம் பிறக்கும் நாள். மற்ற நாளில், எனக்குக் காய்ச்சல் என்றால் தவிர, அடுப்புப் பக்கமே வராதவர், அன்றைக்கு விடியற்காலையில் எழுந்து சைக்கிளில் பெரிய மார்க்கெட்டுக்குப் போவார். பச்சைப் பட்டாணி, கேரட், சின்ன வெங்காயம். பிரெஞ்சு நாட்டுக் கிழங்கு ஒன்று இங்கே கிடைக்காததால் அதற்குப் பதிலாக நூக்கல். ஆட்டுக்கறி மட்டும் எங்கள் தெருமுனைக் காதர் பாய் கடையில்தான். வேறு கடை இரண்டு பக்கத்திலேயே இருந்தும் அங்கே வாங்கமாட்டார். "கூட ரெண்டு பாய்ங்க இருக்காங்க, அவங்களும் சாப்புடணும்" என்பார். எந்தப் பாய்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. காதர் பாயும் அவர் வீட்டுக்காரம்மாவும்தான் என்று நினைத்துக்கொண்டோம்.

"என்ன சொல்தா, பிரேந்தாம் வந்துடுச்சா? எனக்கு முதுகெல்லாம் வேர்க்குது" என்பார் காதர் பாய்.

"ஒனக்கு வேர்க்கட்டும். காலண்டர்ல வந்துடுச்சு, நீ எலும்போட வெட்டு."

அன்றைக்கு அவர் வைக்கும் குழம்பில் மிளகாய் இல்லை, தேங்காய் இல்லை. கறியை வெண்ணெயில் வதக்கி, மாவைத் தூவிச் சிவக்க விட்டு, பிரிஞ்சி இலை போட்டுக் கொதிக்கவைத்து, காய்களை ஒவ்வொன்றாக அதனதன் நேரத்துக்குப் போடுவார். பட்டாணி கடைசியில். கண் கடிகாரத்தின் மேலேயே இருக்கும். அளவு எப்போதும் முப்பத்திரண்டு பேருக்கு. எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். பட்டாளத்தில் அண்டா கணக்கில் சமைத்த கை, குறைக்கத் தெரியவில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டாள். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தால் அதே கை ஒரு முட்டையில் ஒரு ஆம்லெட் போடுமே என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பங்கு பிரிப்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. ஒரு பங்கு வெங்காயம் பொறுக்கிவிட்டு. ஒரு பங்கு வெறும் எலும்பாக. ஒன்றில் கேரட் கூடவே கூடாது. இரண்டு பங்கு ஒரே தட்டில். எந்த வீட்டுக்கு எந்தப் பங்கு போனாலும் அவருக்குக் கவலையில்லை, பிரித்துவைப்பது மட்டும் அப்படித்தான் இருக்க வேண்டும். "எலும்பு மட்டும் குடுத்தா சனங்க என்னா நெனப்பாங்க?" என்று அம்மா அதில் நாலு துண்டு கறியை ஒளித்து வைத்து அனுப்புவாள். நான் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போவேன். காரமே இல்லாத அந்தக் குழம்பை யாரும் விரும்பிச் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டுச் சூடு பண்ணிக்கொள்வார்கள். இதை நான் அப்பாவிடம் சொன்னதில்லை.

நான் பத்தாவது படித்த வருஷம் அந்த நாள் வெள்ளிக்கிழமையில் வந்தது.

"பங்குனி மாசம், வெள்ளிக்கெழம. இன்னிக்குக் கறி ஆக்கறதுக்கு இது வூடா, மிலிட்டரி கேம்ப்பா?" என்று அம்மா சமையலறை வாசலில் குறுக்கே நின்றுவிட்டாள்.

"கேம்ப்புல வெள்ளிக்கெழம கெடையாது."

"அப்போ கேம்ப்புக்கே போயி ஆக்குங்க."

அப்பா கொல்லையில் மூன்று மூன்று செங்கல்லாக அடுக்கி அடுப்பு மூட்டினார். பத்தரை மணிக்குள் குழம்பு பதத்துக்கு வந்துவிட்டது. நான் தட்டோடு கிளம்பினேன். முதல் வீட்டில் வெள்ளிக்கிழமை என்று கதவிலேயே திருப்பிவிட்டார்கள். இரண்டாவது வீட்டில் பங்குனி உத்திரத்துக்கு விரதம். எதிர்வீட்டுத் தெரேஸ் அக்கா எப்போதும் வாங்கிக்கொள்வாள். அவளும் தலையை ஆட்டினாள். "தவக்காலத்து வெள்ளிடி இது. கறியத் தொட்டேன்னா பாதர் வரைக்கும் போவாது, எங்க மாமியாரே என்னப் பொதச்சிடுவா." இரண்டு மதமும் ஒரே நாளில் எங்கள் குழம்பைக் கைவிட்டன. தட்டுகளை அப்படியே திருப்பிக் கொண்டு வந்தேன்.

அப்பா அண்டாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "ஒருத்தரும் எடுத்துக்கலியா?" என்று கேட்டார். அந்தக் குரலுக்கு நான் பயந்துவிட்டேன். அவரைச் சந்தோஷப்படுத்த ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. பள்ளியில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தேன், அகராதி வைத்துக்கொண்டு எதையும் பெயர்த்துவிடலாம் என்ற கர்வம் இருந்தது. பரணில் இருந்த தகரப்பெட்டியில் பதக்கத்தோடு வந்த பாராட்டுத் தாளைக் கண்டுபிடித்து, இரண்டு நாளாக உட்கார்ந்து தமிழில் எழுதி வைத்திருந்தேன். பரீட்சை முடிந்ததும் காட்டலாம் என்றிருந்ததை அப்போதே கொண்டுவந்து, கொல்லையில் நின்று, பேச்சுப் போட்டியில் பேசுகிற மாதிரி படித்தேன். எதிரி சூழ்ந்த வேளையிலும் தன் இடத்தை விட்டு அகலாதவர். கடைசிவரை காவல் அரணில் நின்று கடமை ஆற்றியவர்.

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

"அது பொய்யி" என்றார்.

நான் மொழிபெயர்ப்பில் தப்பு செய்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அகராதியை எடுத்து வருகிறேன் என்றுகூடச் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

"நான் அங்க இல்லவே இல்ல. சந்தைக்குப் போயிருந்தேன். லெப்டினன்ட்டு சின்னப் பையன். இன்னிக்கு எங்க ஊர்ல பிரேந்தாம், எங்கம்மா இந்தக் கறிதான் செய்வாங்கன்னான். பட்டாணி இல்ல. படகுல போயி வாங்கியாறேன்னு நான்தான் சொன்னேன். சாயந்தரம் வந்து பாத்தா முப்பத்திரண்டு பேரு. ஒருத்தனும் இல்ல."

அம்மா எப்போது பின்கதவுக்கு வந்தாள் என்று தெரியாது. "இத அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"சொன்னேன். உயிரோட இருக்கறவன் நீ ஒருத்தன்தான், யாராவது ஒருத்தனுக்குக் குத்தியாவணுமேன்னாங்க."

பிறகு அம்மா, அந்த வெள்ளிக்கிழமையில் தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தவள், படியிறங்கி வந்து கீழே கிடந்த கரண்டியை எடுத்துக் கழுவினாள். "அடி புடிக்கப் போவுது, நகருங்க" என்று சொல்லி அண்டாவைக் கிளறினாள்.

தொழுகை முடிந்து போகிற வழியில் காதர் பாய் எட்டிப் பார்த்தார். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்று நான் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

"எத்தினி பேருக்கு இருக்கு?"

"முப்பத்திரண்டு."

"ஜும்மா முடிச்சு என் கடை வாசல்ல கத பேசறவனுங்களே அவ்ளோ பேரு இருப்பானுங்க. கறியும் நம்ம கடைது. தூக்கு சொல்தா அண்டாவ."

கடை வாசலில், தட்டிப் பந்தல் நிழலில், அப்பாவே நின்று பரிமாறினார். நான் தையல் இலைகளை நீட்டிக்கொண்டிருந்தேன். தச்சர்கள், தையற்காரர்கள், வண்டிக்காரர் ஒருவர். "உப்புக் காரம் இல்லாம இது என்ன, ஆஸ்பத்திரி சாப்பாடா?" என்று ஒருவர் கேட்க, "வாய மூடிக்கினு துன்னு, ஃபிரான்ஸ்ல இருந்து வந்துருக்கு" என்றார் காதர் பாய். அண்டா காலியாயிற்று. அப்பா அதைத் தானே கழுவினார்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அம்மா ஒளித்து வைக்கும் நாலு துண்டுக் கறி மட்டும் நின்றது. எலும்புப் பங்கு எலும்பாகவே போயிற்று.

சில வருஷம் கழித்து அப்பா இறந்தபோது பழைய சொல்தாக்கள் எல்லாரும் வந்தார்கள். சவப்பெட்டியின் மேல் பிரெஞ்சு மூவண்ணக் கொடி போர்த்தினார்கள். சிவப்பு வெல்வெட் தலையணையில் பதக்கத்தை வைத்து ஒருவர் முன்னால் ஏந்தி நின்றார். புளியில் தேய்ந்த அதே சிலுவை. இன்னொருவர் பாக்கெட்டிலிருந்து தாளை எடுத்துப் பிரெஞ்சில் படித்தார். தன் இடத்தை விட்டு அகலாதவர். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் எந்தத் தாள் என்று அவளுக்குத் தெரிந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். நல்ல நோக்கத்தோடு வந்தவர்கள், வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிற கிழவர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரால் மறுத்துச் சொல்ல முடியாத ஒரு நாளில் அதைப் படித்துவிட்டார்கள்.

கதிரிடம் இதை நான் சொன்னதே இல்லை. சட்டத்துக்குள் பதக்கத்தைப் பார்த்து வளர்ந்தவன் அவன். படையில் சேரப் போகிறேன் என்று சொன்னபோது, தாத்தா மாதிரி என்று சொன்னான். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு அவனுடைய தாத்தாவைக் குறைத்துக் காட்டுவதாகிவிடும் என்று நினைத்தேன். அது எவ்வளவு பெரிய தப்புக் கணக்கு என்பது கதவின் மேல் கை வைத்தபடி அவன் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை மதியம் நானே கூப்பிட்டேன். முதலில் கையைத் துடைத்துக்கொண்டேன். அந்தப் பங்குனி வெள்ளிக்கிழமையில் தொடங்கி வெல்வெட் தலையணை வரை எல்லாவற்றையும் சொன்னேன். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை "இருக்கியாடா?" என்று கேட்டேன்.

"இருக்கேம்மா. நான் அவர வீரர்னு நெனச்சினு இருந்தேன்."

"நானும்தான். பத்தாங்கிளாஸ் வரைக்கும்."

அவன் சிரித்தானா, மூக்கை உறிஞ்சினானா, தெரியவில்லை.

"மெடல வாங்கிக்கோ, வேணான்னும் சொல்லு, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். "ஆனா தாத்தா மாதிரி உள்ளயே வெச்சினு இருக்காத. அவரு முப்பது வருஷத்துக்கு மேல தனியாளா வெச்சினு இருந்தாரு. நாங்க தட்டத் தூக்கினு தெருவுல சுத்தினு இருந்தோம். நீ எங்கிட்ட சொல்லு. அந்த ரெண்டு பசங்க பேரு என்ன?"

ழூலியான், மத்தியே என்றான். அதற்குப் பிறகு நான் பேசவே தேவையிருக்கவில்லை. மத்தியே குறட்டை விடுவான் என்று அவனைக் கடைசிக் கட்டிலுக்குத் தள்ளிவிட்டார்களாம். ழூலியான் நான் அனுப்பிய இட்லிப் பொடியை ரொட்டியில் தூவித் தின்றுவிட்டு, ஒங்க அம்மா இன்னும் அனுப்புவாங்களா என்று கேட்டானாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினான். கடைசியில், வியாழக்கிழமை போய் நிற்கப் போவதாகச் சொன்னான். ஓடியது யார் என்று தாளைத் திருத்தச் சொல்லி மறுபடியும் கப்பித்தேனிடம் போகப் போகிறானாம். திருத்தாவிட்டால், தன் பெயருக்கு முன்னால் அந்த இரண்டு பெயரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பானாம். கேட்பார்களா என்று தெரியாது. எனக்குப் பயம் போய்விட்டது என்றும் சொல்லமாட்டேன். அவன் குரல் உடைந்தது. உடைந்து பேசியது.

வைக்கும்போதுதான் கேட்டான்: "தாத்தாகூட இருந்தவங்க பேரெல்லாம் என்னம்மா?"

வெங்காயம் வேண்டாதவன் ஒருவன், எலும்பு கடிப்பவன் ஒருவன், கேரட் பிடிக்காதவன், ஒரே தட்டில் சாப்பிட்ட இரண்டு பேர், ஹலால் கறியா என்று விசாரிக்கிற இரண்டு பாய்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். ஒரு பெயர்கூட இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் அந்தத் தட்டுகளைத் தூக்கியவள், ஒரு நாளும் கேட்கவில்லை. நெல்லித்தோப்பு வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்பிவிட்டார்கள். அம்மா இல்லை, காதர் பாய் இல்லை, தலையணை ஏந்திய கிழவர்களில் ஒருவரும் இல்லை. அந்தப் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இனி ஊரில் ஒரு வாசல் கிடையாது.

அன்றைக்குக் கடை வாசலில் அப்பா ஒவ்வொரு இலையிலும் கரண்டியைக் கவிழ்க்கும்போது அவருடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். எண்ணுகிறார் என்று நினைத்தேன்.